கரை ஏறியவரின் மனுவை எந்த நாடு விசாரிப்பது?

1980-களின் முதல் பாதியில் இலங்கையிலிருந்து ஜெர்மனி போய்ச் சேர்ந்தவர்களைக் கேட்டால் பலரும் ஒரே பாதையைத்தான் சொல்வார்கள். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்குவது. அங்கே கிழக்கு ஜெர்மனி ஒரு டிரான்சிட் விசா கொடுக்கும். நகர ரயில் ஏறி ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ நிலையத்துக்கு வந்து, அங்கே மேற்கே போகும் ரயிலுக்கு மாறினால் மேற்கு பெர்லின் வந்துவிடும். மேற்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் கேட்க ஆள் கிடையாது. கேட்டால், ஊருக்கு நடுவே இருப்பது இரு நாடுகளின் எல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதை மேற்கு ஜெர்மனி ஏற்கவில்லை. இறங்கியவர்கள் அங்கேயே அசைலம் அடித்தார்கள், அதாவது அகதித் தஞ்சம் கேட்டு மனுப் போட்டார்கள்.

1985 ஜூலையில் அந்தக் கதவு மூடப்பட்டது. மேற்கு நாட்டின் விசா கையில் இல்லாத தமிழர்களை இனி விடமாட்டோம் என்று கிழக்கு ஜெர்மனி அறிவித்தது. அதே மாதம் மேற்கு ஜெர்மனி அதற்குக் கொடுத்துவந்த வட்டியில்லாக் கடனின் வரம்பு உயர்ந்தது. பக்கத்து நாட்டுக்குப் பணம் கொடுத்து அகதியை அங்கேயே நிறுத்தும் யோசனை நேற்று முளைத்ததல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அதன் முதல் பிடியில் சிக்கியவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 1985 ஜூன் 14 அன்று, லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சின்ன ஊரில், மோசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் படிப்படியாக எடுத்துவிடுவது என்பது ஒப்பந்தம். சரி, உள்ளே சோதனை இல்லையென்றால் வெளி எல்லையில் வந்து இறங்கும் அகதியை யார் பார்ப்பது? யார் சோறு போட்டு, இடம் கொடுத்து, மனுவை விசாரித்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்வது? நாற்பது ஆண்டுகளாக ஐரோப்பா இதற்குப் பல பதில்களை முயன்று பார்த்துவிட்டது. அவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று இங்கே பார்ப்போம்.

முதலில், எந்த வழியை எடுத்தாலும் தாண்ட முடியாத கோடு ஒன்று உண்டு. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 33-ஆவது பிரிவு: உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3-ஆவது பிரிவு அதைவிட இறுக்கமானது. சித்திரவதை, மனிதத்தன்மையற்ற நடத்துதல் இரண்டுக்கும் அதில் விதிவிலக்கே கிடையாது. எல்லையைக் காப்பது ஒவ்வொரு நாட்டின் உரிமை. நானும் அதை மறுக்கவில்லை. யார் உள்ளே வருகிறார்கள் என்று தெரியாத நாட்டில், முறையாக வந்து குடியேறிய நம் ஆட்களும்தான் சந்தேகத்தோடு பார்க்கப்படுவார்கள். ஆனால் அந்த உரிமையை மேலே சொன்ன கோட்டுக்குள்தான் பயன்படுத்த முடியும். கோட்டை மீறிய திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீதிமன்றத்தில் விழுந்திருக்கின்றன.

முதல் வழி, முதலில் காலடி வைத்த நாடே பொறுப்பு என்பது. இதன் பெயர் டப்ளின் விதி. 1990-இல் கையெழுத்தாகி, 1997-இல் நடைமுறைக்கு வந்து, 2003-இலும் 2013-இலும் புதுப்பிக்கப்பட்டது. ஏட்டில், குடும்பத்தார் இருக்கும் நாட்டுக்குத்தான் முதலிடம். நடைமுறையில் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பது கைரேகை. 2003 ஜனவரியில் யூரோடாக் என்ற கைரேகைத் தரவுத்தளம் வந்தது. இத்தாலியிலோ கிரீஸிலோ கண்ணாடித் தகட்டில் பத்து விரலையும் ஒருமுறை அழுத்திவிட்டால், பிறகு ஸ்டாக்ஹோமில் போய் நின்றாலும் திரையில் அந்த முதல் ஊர் வந்துவிடும். அதற்குப் பயந்து விரல் நுனிகளைச் சூடான இரும்பில் வைத்துத் தேய்த்தவர்கள் பிரான்சின் கலே முகாமில் இருந்தார்கள். ரேகை மறுபடி வளரச் சில வாரம் ஆகும். அதற்குள் வேறு நாட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதே கணக்கு.

இந்த விதியில் ஓர் ஒழுங்கு இருப்பதை மறுக்க முடியாது. ஒரே ஆள் நான்கு நாடுகளில் மனுப் போடுவதையும், ஒவ்வொரு நாடும் 'எங்கள் பொறுப்பில்லை' என்று தள்ளிவிடுவதையும் தடுக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் இது இரண்டு இடத்தில் உடைகிறது.

ஒன்று, எல்லா நாடும் ஒரே அளவுகோலில் விசாரிக்கிறது என்ற கற்பனையின் மேல் இது நிற்கிறது. 2016-இல் ஆப்கானியர்களின் மனுக்களில் இத்தாலி நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஏற்றது; பல்கேரியா ஏற்றது ஐந்துக்கும் கீழ். ஒரே நாட்டுக்காரர், ஒரே போர், எந்தப் பக்கமாக நுழைந்தார் என்பதை வைத்து வாழ்க்கை மாறிவிடுகிறது. இந்த ஓட்டையை ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் முதலில் தொட்டது ஒரு இலங்கைத் தமிழ் இளைஞரின் வழக்கில்தான். அவர் 1996-இல் ஜெர்மனியில் அசைலம் மனுப் போட்டார். தள்ளுபடி. அரசு அல்லாத அமைப்பு செய்யும் கொடுமையை அகதிக் காரணமாக அன்றைய ஜெர்மன் சட்டம் ஏற்கவில்லை. அவர் பிரிட்டனுக்குப் போனார். டப்ளின்படி ஜெர்மனிக்கே அனுப்பப் பார்த்தார்கள். 2000 மார்ச்சில் நீதிமன்றம் அவருடைய வழக்கை ஏற்கவில்லை. ஜெர்மனியில் வேறு பாதுகாப்புகள் உண்டு என்றது. ஆனால் கூடவே ஒன்றைச் சொன்னது: இடையில் இன்னொரு நாட்டுக்கு அனுப்புவதால் பிரிட்டனின் பொறுப்பு தீர்ந்துவிடாது, டப்ளின் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு அனுப்ப முடியாது.

அவருக்குப் பயன்படாத அந்த வார்த்தை பதினோரு ஆண்டு கழித்து ஓர் ஆப்கானியருக்குப் பயன்பட்டது. காபூலில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கிரீஸ் வழியாக 2009 பிப்ரவரியில் பெல்ஜியம் வந்தார். ஜூனில் பெல்ஜியம் அவரைக் கிரீஸுக்குத் திருப்பி அனுப்பியது. ஏதென்ஸ் விமான நிலையத்தின் பக்கத்திலிருந்த கட்டடத்தில், சின்ன அறையில் இருபது பேரோடு அடைத்தார்கள். காவலர் மனம் வைத்தால்தான் கழிப்பறை. வெளிக்காற்று கிடையாது. படுக்கை, அழுக்கு மெத்தை அல்லது வெறும் தரை. வெளியே விட்டபிறகு அவர் நகரத்தின் நடுவே ஒரு பூங்காவில் வாழ்ந்தார். 2011 ஜனவரி 21 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் கிரீஸையும் அனுப்பிவைத்த பெல்ஜியத்தையும் சேர்த்தே குற்றம் சொன்னது. அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு யாரும் கிரீஸுக்கு ஆள் அனுப்ப முடியவில்லை.

இரண்டாவது உடைசல் இன்னும் சாதாரணமானது: அனுப்புவது நடப்பதே இல்லை. 2023-இல் ஜெர்மனி மற்ற நாடுகளிடம் சுமார் 74,600 பேரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னது. சுமார் 55,700 பேருக்குச் சம்மதம் வந்தது. உண்மையில் போனவர்கள் 5,053 பேர். இத்தாலி 2022 டிசம்பரிலேயே 'இடமில்லை' என்று ஒரு சுற்றறிக்கை போட்டு ஏற்பதை நிறுத்திவிட்டது. அனுப்பி வைப்பதற்கான கெடு தாண்டிவிட்டால், பொறுப்பு அவர் இப்போது தங்கியிருக்கும் நாட்டுக்கே வந்துவிடும். 2024 ஆகஸ்டில் சோலிங்கன் நகர விழாவில் மூன்று பேரைக் கத்தியால் குத்திக் கொன்றவர் பல்கேரியாவுக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டிய ஆள்; கெடு கடந்து போயிருந்தது. அந்தக் கோபம் ஜெர்மனியின் அரசியலையே புரட்டியது. மக்கள் கோபப்பட்டதில் தப்பில்லை. காகிதத்தில் மட்டும் வேலை செய்யும் விதிக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

இரண்டாவது வழி, பங்கு பிரிப்பது. 2015-இல் மட்டும் கிரீஸின் கடற்கரைகளில் எட்டரை லட்சம் பேருக்கு மேல் இறங்கினார்கள். அந்த செப்டம்பரில், இத்தாலியிலும் கிரீஸிலும் இருந்து 1,60,000 பேரை மற்ற நாடுகள் பிரித்து எடுத்துக்கொள்வது என்று முடிவானது. செக், ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ருமேனியா எதிர்த்து வாக்களித்தும் பெரும்பான்மையால் நிறைவேறியது. கடைசியில் நகர்ந்தவர்கள் 35,000 பேருக்கும் குறைவு. ஹங்கேரியும் போலந்தும் ஒருவரையும் எடுக்கவில்லை. செக் எடுத்தது 12 பேரை. அது சட்டமீறல் என்று 2020-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது திட்டமே முடிந்து போயிருந்தது.

கேட்க நியாயமாக இருக்கும் வழி இது. மனதளவில் எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் பங்கு பிரிக்கப்படுவது மூட்டைகள் அல்ல. வேண்டாம் என்று நிற்கும் நாட்டுக்கு, போக விருப்பமில்லாத ஒருவரை அனுப்பினால் அவர் அங்கே எத்தனை நாள் இருப்பார்? தன் மொழி பேசும் ஒருவர்கூட இல்லாத ஊரில் இறக்கிவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறி அத்தை இருக்கும் ஊருக்குப் போவார். உள்ளே எல்லைச் சோதனை இல்லாத பகுதியில் அதைத் தடுக்கவும் முடியாது.

அப்படியானால் சோதனையைத் திரும்பக் கொண்டுவா என்கிறது மூன்றாவது வழி. ஜெர்மனி 2015 செப்டம்பரில் ஆஸ்திரிய எல்லையில் அதைத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் எல்லாத் தரை எல்லைகளுக்கும் விரித்தது. 2025 மே மாதம் அசைலம் கேட்பவர்களையும் எல்லையிலேயே திருப்பச் சொன்னது. ஃபிராங்க்ஃபுர்ட் ஆன் டெர் ஓடர் ரயில் நிலையத்தில் பிடித்து அன்றே போலந்துக்கு அனுப்பப்பட்ட மூன்று சோமாலியர்கள் வழக்குப் போட்டார்கள். ஜூன் 2 அன்று பெர்லின் நிர்வாக நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. எந்த நாடு பொறுப்பு என்று டப்ளின் முறைப்படி பார்க்காமல் யாரையும் வாசலில் திருப்ப முடியாது என்பது தீர்ப்பு. ஹங்கேரியோ 2015-இலேயே செர்பிய எல்லையில் 175 கிலோமீட்டருக்கு வேலி போட்டு, மனுப் போடும் வழியையே அடைத்தது. 2024 ஜூனில் ஒன்றிய நீதிமன்றம் விதித்த அபராதம் 20 கோடி யூரோ, அதற்கு மேல் திருந்தும்வரை நாளுக்குப் பத்து லட்சம். இந்த வழியைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை. இது பாரத்தைக் குறைப்பதில்லை, அடுத்த வீட்டு வாசலில் இறக்கி வைக்கிறது. அவ்வளவுதான்.

நான்காவது, பணம் கொடுத்து வெளியே வைப்பது. ஷோனஃபெல்ட் கதையின் வாரிசு. 2016 மார்ச் 18 அன்று துருக்கியோடு நடந்த பேரம்தான் பெரியது. கடல் கடந்து கிரேக்கத் தீவுகளுக்கு வருபவர்களைத் துருக்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். அங்குள்ள சிரிய அகதிகளுக்காக 600 கோடி யூரோ வரை வரும். வரத்து மளமளவென்று குறைந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம் தீவுகளில் சிக்கியவர்கள் அங்கேயே தேங்கினார்கள். லெஸ்பாஸ் தீவின் மோரியா முகாம் சுமார் 3,000 பேருக்கானது. 2020 தொடக்கத்தில் அங்கும் அதைச் சுற்றிய ஆலிவ் தோப்பிலும் இருபதாயிரம் பேர் வரை இருந்தார்கள். அந்தச் செப்டம்பரில் அது எரிந்தே போனது. அதற்குச் சில மாதம் முன்பு, ஒப்பந்தத்தில் மனக்கசப்பு வந்ததும் துருக்கி தன் நில எல்லையைத் திறந்துவிட்டு ஆட்களைக் கிரீஸ் பக்கம் போகச் சொன்னது. காவலை வெளியே கொடுத்தால் கயிறும் அவர்கள் கையில்தான்.

இதன் புது வடிவங்கள் இன்னும் மோசம். பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியதால் டப்ளின் அதற்கில்லை. ஆனால் 1951 உடன்படிக்கையும் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றமும் உண்டு. மனுதாரர்களை ருவாண்டாவுக்கே அனுப்பிவிடும் திட்டத்தை 2022-இல் போட்டார்கள். 2023 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமே அதைச் சட்டவிரோதம் என்றது, காரணம் நாம் மேலே பார்த்த அந்தக் கோடுதான். 2024-இல் புதிய அரசு அதைக் கைவிட்டபோது செலவு 70 கோடி பவுண்டு என்று உள்துறை அமைச்சர் சொன்னார். போனவர்கள் நான்கு பேர், அதுவும் தாங்களாகச் சம்மதித்துப் போனவர்கள். இத்தாலி அல்பேனியாவில் முகாம் கட்டியது. ஐந்தாண்டுச் செலவு சுமார் 67 கோடி யூரோ என்று மதிப்பு. 2024 அக்டோபரில் ஒரு போர்க்கப்பல் முதல் தடவையாக 16 ஆண்களைக் கொண்டுபோனது. நான்கு பேர் சிறுவர் அல்லது பலவீனமானவர் என்று உடனே திரும்பினார்கள். மிச்சம் 12 பேரை ரோம் நீதிமன்றம் சில நாளில் திரும்ப வரவழைத்தது. அந்தப் பணத்தில் எத்தனை விசாரணை அதிகாரிகளை, மொழிபெயர்ப்பாளர்களை, வழக்கறிஞர்களை வைத்திருக்கலாம் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை. மனுக்கள் மூன்று மாதத்தில் முடிந்தால், பாதி அரசியல் கூச்சல் அடங்கியிருக்கும்.

ஐந்தாவது வழியை ஐரோப்பா யோசித்து எடுக்கவில்லை, நெருக்கடியில் எடுத்தது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் 4 அன்று, 2001-இலிருந்து தூங்கிக்கொண்டிருந்த தற்காலிகப் பாதுகாப்பு ஆணையை முதல் தடவையாக எழுப்பினார்கள். தனித்தனி விசாரணை இல்லை. வந்த உடனே தங்கும் உரிமை, வேலை, பள்ளி, மருத்துவம். எந்த நாட்டில் இருப்பது என்பதை வருகிறவரே முடிவு செய்யலாம். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் சேர்ந்தார்கள். கைரேகையை வைத்து யாரையும் முதல் நாட்டுக்குத் துரத்தவில்லை. படகு இல்லை, ஆள் கடத்தும் ஏஜென்சிக்குக் காசு இல்லை, வேலியும் இல்லை. 2015 திட்டப்படி சில ஆயிரம் பேரை ஏற்க மறுத்த அதே போலந்து, இந்தத் தடவை பத்து லட்சத்தையொட்டி ஆட்களை வைத்துப் பார்த்தது. 12 பேரோடு நிறுத்திய செக் குடியரசில் மூன்றரை லட்சம் பேர் பதிந்தார்கள். எத்தனையோ பேர் ரயில் நிலையத்தில் இறங்கி, முன்பே அங்கே வேலைக்கு வந்திருந்த உறவினர் வீட்டுக்குத்தான் போனார்கள்.

இதில் வேறுபாடுகள் இருக்கின்றன. உக்ரைனியர்களுக்கு 2017-இலிருந்தே விசா இல்லாமல் வரும் உரிமை இருந்தது. அவர்கள் பக்கத்து நாட்டுக்காரர்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தோலின் நிறமும் ஒரு காரணம் என்று சொன்னால் அதை என்னால் மறுக்க முடியாது. பாரமும் சமமாக விழவில்லை: ஜெர்மனிக்கு மட்டும் பத்து லட்சத்துக்கு மேல், பிரான்சுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும் என் முடிவு இந்தப் பக்கம்தான். போக விரும்பும் இடத்துக்குப் போகவிட்டால் ஆள் ஓடுவதில்லை. சொந்தக்காரர் சோபாவில் இடம் கொடுப்பார், வேலைக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பார். அதிகம் பேர் சேரும் நாட்டுக்கு மற்ற நாடுகள் பணத்தால் ஈடு செய்யட்டும். எல்லையில் பதிவு, அடையாளச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் கறாராக நடக்கட்டும். மனு நிற்காதவர்கள் திரும்பவும் வேண்டும். எந்த நாட்டில் விசாரணை என்பதை மட்டும் கால் பட்ட இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பணத்தை இடம் மாற்றுவது எளிது. மனிதரை அவர் விருப்பத்துக்கு எதிராக இடம் மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த 5,053 என்ற எண்ணே சாட்சி.

ஐரோப்பா எடுத்தது இதுவல்ல. 2024 மே மாதம் நிறைவேறிய புதிய உடன்பாடு, 2026 நடுவிலிருந்து நடைமுறை என்று தேதி குறிக்கப்பட்டது. மேலே சொன்ன எல்லா வழிகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்த கலவை அது. மனுக்களின் ஏற்பு விகிதம் 20 சதவீதம் அல்லது அதற்குக் கீழே உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு எல்லையிலேயே 12 வாரத்தில் விசாரணை. கைரேகை எடுக்கும் வயது 14-இலிருந்து 6 ஆகிறது. முதல் நாட்டுப் பொறுப்பு அப்படியே நிற்கிறது. ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது: ஒவ்வொரு நாடும் ஆட்களை எடுக்கலாம், அல்லது ஓர் ஆளுக்கு 20,000 யூரோ கொடுக்கலாம். 'மனிதருக்கு விலை வைக்கிறார்கள்' என்று இதைப் பலர் திட்டினார்கள். எனக்கு அதில் அருவருப்பு இல்லை. ஹங்கேரி விருப்பமில்லாமல் எடுக்கும் ஒருவரைவிட, ஹங்கேரியின் பணத்தில் வேறு நாட்டில் ஒழுங்காக வாழும் ஒருவர் மேல். பணத்தை நகர்த்தும் வழி முதல் தடவையாகச் சட்டத்தில் ஏறியிருக்கிறது, அதைப் பெரிதாக்கலாம்.

அதோடு உடனே திருத்தக் கூடியதும் ஒன்று இருக்கிறது. குடும்பம் என்றால் யார் என்ற வரையறை. 2020-இல் ஐரோப்பிய ஆணையம் வரைந்த முன்வடிவில் உடன்பிறந்தவர்களும் குடும்பமாக இருந்தார்கள். பேரம் முடிந்து சட்டமானபோது, வயது வந்தவர்களுக்கு அது இல்லாமல் போனது. தனியாக வரும் சிறுவருக்கு மட்டும் அண்ணனோ அக்காவோ கணக்கில் வருவார்கள். அதே சட்டத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: ஓர் உறுப்பு நாட்டில் படித்துச் சமீபத்தில் வாங்கிய சான்றிதழ் இருந்தால் அந்த நாடே மனுவை விசாரிக்கும். ஆக, லியோனில் படித்த சான்றிதழ் பையில் இருப்பவர் பிரான்சுக்குப் போகலாம். லியோனில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் அண்ணன் மட்டும் இருப்பவர், இத்தாலியின் லம்பெதூசா தீவில் கால் வைத்தார் என்பதற்காக இத்தாலியிலேயே காத்திருக்க வேண்டும்.